ஆசிரியருக்கு ஓர் ஆலமரம்

புத்தகக் கண்காட்சியில் கையெழுத்து வாங்க நின்ற வரிசையில் அமிர்தவல்லி மட்டும் புத்தகத்தோடு ஒரு தொட்டியையும் ஏந்தி நின்றாள். அவள் பல வருடம் வளர்த்த போன்சாய் ஆலமரம், முழ உயரத்தில், அதில் காய்ந்து நின்றது. தன் முறை வந்ததும் அதை மேசைமேல் வைத்தாள்.

"சித்திரையில வேரைப் பாதி வெட்டிட்டு நாள் முழுக்க வெயில்ல வைக்கச் சொல்லி எழுதியிருந்தீங்க சார். வச்சேன்."

நூலாசிரியர் குலசேகரன் பேனாவை மூடினார். "அது ஏதோ குளிர் நாட்டுப் புத்தகத்துலேர்ந்து எடுத்ததும்மா. நான் தொகுத்தவன்தான்."

"ஒரு மரம்கூட வளர்க்காமலா எழுதினீங்க?"

கடைக்காரர் ஓடிவந்து, "வேற நல்ல புத்தகமா எடுத்துக்குங்கக்கா, சும்மாவே தர்றேன்" என்று அலமாரியைக் காட்டினார். அவள் ஒன்றைப் பிரித்தாள். சித்திரையில் வேரைப் பாதி வெட்டி வெயிலில் வைக்கவும் என்று இருந்தது. இன்னொருவர் எழுதியதிலும் அதே வரி, அதே எழுத்துப்பிழையோடு.

"இத்தனை பேர்ல ஒருத்தர்கூடவா மண்ணைத் தொடல?"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைகளில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற இரண்டு பேர் புத்தகத்தைத் திரும்ப அடுக்கிவிட்டு நகர்ந்தார்கள்.

குலசேகரன் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் விழுதுகூட நூல்போல இறங்கி மண்ணில் ஊன்றியிருந்தது.

"இவ்வளவு சின்னதாவா இருக்கும்? நான் நேர்ல பார்த்ததே இல்லம்மா" என்று கையை நீட்டினார். "ஒருதடவை தொட்டுப் பார்க்கட்டுமா?"

அமிர்தவல்லி தொட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கையை எடுங்க."