கூலர் தொட்டியில் பாசி

"சார், இதை வந்து பாருங்க."

மெக்கானிக் அந்தோணிசாமி ஏர் கூலரின் பின்பக்கத்தைக் கழற்றி, தொட்டிக்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் முழுக்க வழவழவென்று பச்சைப் பாசி.

மணிவண்ணன் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான்.

அங்கே அவனுடைய ஐந்து வயது மகள் பூஜா இழுத்து இழுத்து இருமிக்கொண்டிருந்தாள். நாலு நாளாக இதே பாடு. நேற்று டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டுல கூலர் இருக்கா? தொட்டிய கழுவுறீங்களா?" என்பதுதான்.

"இந்தக் காத்தைத்தான் பாப்பா இழுத்துக்கிட்டு இருந்திருக்கு" என்றார் அந்தோணிசாமி. "கேன் தண்ணிதான் ஊத்தணும்னு அன்னிக்கே சொன்னேனே சார்."

மணிவண்ணன் சமையலறைப் பக்கம் திரும்பினான். "தங்கம்மா, இங்க வா."

வீட்டு வேலை செய்யும் தங்கம்மாள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். திறந்து கிடந்த கூலரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதுல என்ன தண்ணி ஊத்துன?"

அவள் பார்வை மூலையில் இருந்த காலிக் கேனுக்குப் போனது.

"கேன் தண்ணிய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டியா?"

"ஐயோ, இல்ல சார்." அவள் வேகமாகத் தலையாட்டினாள். "பத்து பதினஞ்சு நாளா கேன் வண்டி சரியா வரல. வந்தது உங்களுக்குக் குடிக்கவே பத்தல. பாப்பா வேக்காட்டுல தூங்க முடியாம அழுதுச்சு. உங்க போர் தண்ணி உப்பு, ஊத்தினா கூலருக்குள்ள இருக்கற புல்லு மெத்தையில உப்பு படிஞ்சு அடைச்சுக்கும்னு இந்த மெக்கானிக்கு சொல்லியிருந்தாரு. அதான் எங்க தெருக் குழாயிலேர்ந்து தெனம் ரெண்டு கொடம் தூக்கியாந்து ஊத்தினேன்."

"தெருக் குழாயா?" மணிவண்ணனின் குரல் உயர்ந்தது. "அந்தத் தண்ணி என்ன லட்சணம்னு எனக்குத் தெரியாதா? ஒரு மெஷினுக்கே ஆகாத தண்ணி அது. அதைக் கொண்டாந்து எம் புள்ள மூச்சு விடற எடத்துல ஊத்தியிருக்கியே. நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

அந்தோணிசாமி தலையைக் குனிந்துகொண்டு தொட்டியைச் சுரண்ட ஆரம்பித்தார்.

தங்கம்மாள் நகரவில்லை. வேலை போனது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. முகம் மட்டும் வெளிறிப் போயிருந்தது.

"சார், அந்தத் தண்ணி நெசமாவே அவ்வளவு மோசமா?"

"பின்ன, பொய்யா சொல்றேன்?"

"இல்ல சார்... போன மாசம் நீங்கதான உங்க தண்ணி ஆபீஸ் ஜீப்புல வந்து எங்க குழாயில டெஸ்டுக்குத் தண்ணி புடிச்சிட்டுப் போனீங்க. குடிக்கலாம்னு கையெழுத்துப் போட்டு நோட்டீஸும் ஒட்டினீங்க. அன்னியிலேர்ந்து எம் புள்ளைங்களுக்கு நான் காய்ச்சாமத்தான் சார் குடுக்கறேன்."