அக்பர் பாஷாவின் அமெரிக்க ஆட்டக்காரர்

1947 பிப்ரவரி 14, வெள்ளி. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பம்பாயிலிருந்து நான்கு பெட்டி குடைப்பிடி வரவழைக்கும் கடிதத்தில் நாற்பது பெட்டி என்று டைப் அடித்துவிட்டேன்.

அதைக் கவனிக்காமல், கையெழுத்துக்காக மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். லஸ் முனை ஓட்டலில் கை கழுவும்போதுதான் உறைத்தது. பாதி ஈரக் கையோடு ஆபீசுக்கு ஓடினேன்.

"இன்னொரு தபா தப்பா அடிச்சே, வீட்டோட கெட" என்று குடைக் கம்பெனி முதலாளி அக்பர் பாஷா போன வாரமே சொல்லியிருந்தார். அப்பாவுக்குக் கண் தெரியாமல் போனபிறகு சாந்தோமில் எங்கள் வீடு நடப்பது என் சம்பளத்தில்தான். மாலையில் டைப் வகுப்புக்குப் போவதும், இந்த வேலை நிரந்தரமாகும் என்ற நப்பாசையில்தான்.

பக்கத்து நாற்காலியில் வழக்கம்போல வெர்னன் துரை உட்கார்ந்திருந்தார். ஆறரை அடி அமெரிக்கர். நான் நின்றால் அவருடைய விலா எலும்புக்கு வருவேன். தம் ஊரில் சம்பளம் வாங்கிக்கொண்டு கூடைப்பந்து ஆடியவர்.

கம்பெனிகளுக்கான கேடயப் போட்டியில் கம்பெனிச் சிப்பந்திகள் மட்டுமே ஆடலாம் என்பது விதி. அதனால் முதலாளி இவரைக் குமாஸ்தா என்று சேர்த்து, ஒரு நாற்காலியும் கொடுத்து, எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். கிடங்கு ஆட்கள் நால்வரும் இவருமாக ஐந்து பேர். நாளை சோப்புக் கம்பெனியோடு இறுதி ஆட்டம்.

சும்மா இருக்கும் நேரமெல்லாம் துரையின் பத்து விரல்களும் மேசைமேல் தட்டிக்கொண்டே இருக்கும். "பந்து புடிக்கிற வெரலு, சும்மா கெடக்காது" என்று முதலாளி வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டுவார்.

"துரை, அந்தப் பம்பாய் லெட்டர் எங்கே?" என்றேன்.

"பாய் எடுத்துக்கினு போய்ட்டாரு, நைனா." யுத்த காலத்தில் மீனம்பாக்கத்துப் பட்டாள மெஸ் சமையல்காரரிடம் அவர் கற்ற தமிழ் அது.

அதற்குள் முதலாளியே கடிதத்தோடு வெளியே வந்தார். "பிலிப்பு, இத யாரு அடிச்சது?"

மறைத்துப் பயனில்லை. "நான்தான், மொதலாளி."

"பொய் சொல்லாத. நீ அடிச்சா இவ்ளோ சுத்தமா இருக்குமா?"

எட்டிப் பார்த்தேன். நான்கு பெட்டி என்றுதான் இருந்தது. ஓரம் நூல் பிடித்தாற்போல இருந்தது, ஓர் இடத்தில்கூட அழிப்பு இல்லை.

வெர்னன் துரை மின்விசிறிக்குப் பயந்து பாதி மட்டும் எழுந்தார். "நான்தான் பாய். எப்பவும் நாலுதான், நாப்பது பொட்டி தப்புன்னு பட்டுது. கை அரிச்சுது, வேற அடிச்சு வெச்சிட்டேன். மன்னிச்சுக்கோ."

"உங்களுக்கு டைப்பு தெரியுமா?"

"தெரியும். இஸ்கூல்லயே கத்துக்கினேன். எவன் அடிக்க உட்டான்? ஊர்ல மூணு கம்பெனிக்கு ஆடினேன். டயரு, பிஸ்கோத்து, சவப்பெட்டி. மூணுலயும் குமாஸ்தான்னு நாற்காலி குடுத்தாங்க. பேனாவத் தொட்டா கத்துவாங்க. கடல் தாண்டி வந்தா இங்கயும் அதே நாற்காலிதான் கீது."

"பந்தாட்டம் பெரிய விஷயமாச்சே, துரை."

"இருவது வயசுலேர்ந்து பந்து அடிக்கிறேன், பாய். இன்னிக்கி முன்னால ஒரு லெட்டர் அடிச்சதில்ல."

முதலாளி தாடியைத் தடவினார். "கொழும்புக்கு ஒண்ணு சொல்றேன். அடிங்க பாப்போம்."

துரை என் மிஷினை இழுத்துவைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே டிராம் போவதைப் பார்த்தபடியே அடித்தார். முதலாளி சொல்லி முடித்தபோது கடிதமும் முடிந்திருந்தது. அடுத்து கள்ளிக்கோட்டைக்கு ஒன்று, ஹைதராபாத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் முதலாளி வாங்கிப் படித்து, "மாஷா அல்லா" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார்.

பிறகு, பதில் போடாமல் கிடந்த கடிதக் கட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் கொழும்பு மெயிலு. துரை எந்திரிச்சுப் போய்ட்டா இத்தினியும் யாரு அடிக்கிறது?"

கட்டை எடுக்க நான் கை நீட்டியதும் அதைத் துரை பக்கம் நகர்த்தினார்.

"பிலிப்பு, இனிமே நீ மிஷினத் தொடாத."

"சரி, மொதலாளி."

"அந்த டைப்பு கிளாசுக்கும் போவாத. தண்டம்."

"சரி, மொதலாளி."

வெர்னன் துரை என் கையைத் தம் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. "கோச்சுக்காத, நைனா. நல்லா செய்வே" என்றார். ஊருக்கெல்லாம் சொல்கிற ஆறுதல் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளி அலமாரியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் வீசினார். எனக்குப் பிடிக்கத் தெரியாமல் அது மார்பில் பட்டுக் கீழே விழுந்தது. அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

போகிறவனுக்கு ஏதோ துணிமணி கொடுத்து அனுப்புகிறார் என்று எண்ணி, வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன்.

நாளைக்குச் செய்ய வேண்டியது: வெர்னன் துரையின் எட்டாம் எண் பனியனை ஒரு முழம் மடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, நான்கு மணிக்குச் சோப்புக் கம்பெனியோடு ஆட இறங்குவது.