பெயர் போடாத நோயாளி

டாக்டர் அர்த்தனாரியின் கட்டுரை மருத்துவ இதழில் வெளியாகும்போதெல்லாம், அதை மனைவி நாகலட்சுமிக்குத் தமிழில் விளக்குவார். நோயாளியின் பெயர் அதில் இருக்காது. வயதும் வியாதியும் மட்டும்தான். ஆள் யாரென்று கண்டுபிடிப்பதில் நாகலட்சுமி கெட்டிக்காரி. கொல்லிமலையில் 'நாடு' என்று சொல்லப்படும் ஊர்த்தொகுதி எதிலும் அவளுக்குத் தெரியாத குடும்பம் ஏது?

"அம்பத்திரண்டு வயசு ஆம்பளை. எண்டோஸ்கோப்பி பண்ணினப்ப இரைப்பையில புத்துநோய்."

"நம்ம அரியூர் நாட்டு ராசாமணி அண்ணனுங்களா?"

"இல்ல."

"அப்ப குண்டூர் நாட்டு மொளகு யாவாரி. அந்தாளு ஏப்பம் விடறப்பவே நெனச்சேன்."

"அவருக்கு வெறும் அல்சர். இவருக்குக் கொழாய் விட்டே கட்டியை எடுத்தாங்க. இப்ப மறுபடி வந்திருக்கு, வயித்தைத் திறக்கணும். பொண்டாட்டிக்கு இன்னும் தெரியாது."

நாகலட்சுமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏனுங்க, ஒரே ஊட்டுல இருக்கறவளுக்குத் தெரியாமயா? அந்த மனுசனுக்குச் சோறாக்கிப் போட மட்டும் அவ வேணுமாக்கும்! மொதல்ல அவகிட்டச் சொல்லச் சொல்லுங்க!"

"சொல்லிட்டுத்தான் இருக்கேன், நாகு."

அவள் பார்வை அவருடைய வயிற்றுக்கு இறங்கியது.

"அப்ப... மார்கழியில சென்னைக்குக் கூட்டம்னு போனது?"

"கட்டியை எடுக்கத்தான்," என்றார் அவர், இதழிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஊரு ஒலகமெல்லாம் படிச்சு முடிச்சதுக்கு அப்புறந்தான் எனக்குங்களா?" என்றாள் நாகலட்சுமி.