எச் வரிசையில் இரண்டு சீட்

கணவர் தால்சு குளித்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் கிடந்த அவருடைய போன் மினுங்கியது. போக்ஹீ எட்டிப் பார்த்தாள்.

'உங்கள் முன்பதிவு உறுதியானது. ஈரக்குடை. நாளை காலை 8.10. எச் 7, எச் 8.'

விரலால் மேலே தள்ளினாள். நேற்றும் அதே படம், அதே இரண்டு சீட். முந்தாநாளும். பதினோரு நாளாக.

ஈரக்குடை காதல் படம் என்று போஸ்டரைப் பார்த்தாலே தெரியும். தால்சுவோ, டிவி தொடரில் ஒருத்தன் ஒருத்தியின் கையைப் பிடித்தாலே சேனலை மாற்றுகிற மனுஷர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கொஞ்ச நாளாகக் காலை ஏழு மணிக்கே "மலைக்குப் போறேன்" என்று தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

அதுவும் இரண்டு சீட்.

"மலையாவது மண்ணாவது!" என்றாள் பக்கத்து வீட்டு மல்ஜா அக்கா, பொதுக் குளியலறையில் போக்ஹீயின் முதுகை அழுத்தித் தேய்த்தபடி. "மலையேறுற சங்கத்துல உதட்டுச்சாயம் பூசிட்டு வர்ற பொம்பளைங்களை நீ பார்த்ததில்லையா? வேர்த்து வழியறதுக்கா வர்றாளுங்க?"

"அவருக்கு அறுபத்தாறு வயசு அக்கா."

"முழங்காலுக்குத்தாண்டி வயசாகும். போ, உன் கண்ணால பாரு. இல்லேன்னா உனக்குத் தூக்கம் வராது."

அன்று சாப்பிடும்போது போக்ஹீ மெதுவாக ஆழம் பார்த்தாள்.

"மலையில கூட்டமா?"

"ம்."

"தெரிஞ்சவங்க யாராவது வர்றாங்களா?"

"இந்தா, சூப்புல உப்பு கம்மி."

இந்தா. ஏழு வருடமாக அதுதான் அவள் பெயர். அதற்கு முன்பு 'சேரின் அம்மா' என்பார். அரசாங்க வேலைக்கான பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு மகள் சேரின் சியோலுக்குப் போனாள். அன்றோடு அந்தப் பெயரை அவர் வாயில் எடுக்கவில்லை.

மகளும் போய்விட்டாள். இப்போது இவருமா?

மறுநாள் அவர் கிளம்பிய பத்தாவது நிமிடம் அவளும் கிளம்பினாள். தொப்பி, முகக்கவசம். தியேட்டரில் ஜே வரிசையில் போய் உட்கார்ந்தாள். மொத்தமே எட்டுப் பேர். முன்னால் எச் 7, எச் 8 இரண்டும் காலி.

விளக்கு அணைந்தது. கதவு அசையும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். யார் யாரோ வந்தார்கள். அவர் வரவில்லை. 'என்னைப் பார்த்துவிட்டாரோ? அவளைக் கூட்டிக்கொண்டு வேறெங்காவது போய்விட்டாரோ?'

வேறு வழியில்லாமல் திரையைப் பார்த்தாள்.

திரையில் நாயகியின் அம்மா, மூடி உடைந்த குக்கரை நீல ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிக்கொண்டே மகளிடம் சொன்னாள்: "மழையில காதலிங்க, வேண்டாங்கலை. ஈரத் துணியை யாரு காயப்போடறது?"

போக்ஹீ நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது அவள் வீட்டுக் குக்கர். அது அவள் சொன்ன பேச்சு.

படம் முடிந்து எழுத்துகள் ஓடின. 'மூலக்கதை: இணையச் சித்திரத் தொடர். வரைந்தவர்: குட்டி முள்ளங்கி.'

முள்ளங்கி மாதிரி வெள்ளைக் குண்டுக் காலை வைத்துத் தத்தித் தத்தி நடந்த ஒரு குழந்தையை உலகத்தில் ஒரே ஒருவர்தான் அப்படிக் கூப்பிட்டார். "நீ வரையற பொம்மையை இந்தக் கண்ணால பார்க்கமாட்டேன்!" என்று பிறகொரு நாள் வாசலில் நின்று கத்தியதும் அவர்தான்.

விளக்கு எரிந்தது. பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"என்ன ஆன்ட்டி, அந்தக் காலி சீட்டையே பார்க்கறீங்க?"

"அங்கே யாரும் வரமாட்டாங்களாம்மா?"

"வரவே மாட்டாங்க. நாங்க நாலாவது தடவை வர்றோம். அந்த ரெண்டு சீட்டும் எப்பவும் வித்துப் போயிருக்கும், ஆள் மட்டும் இருக்காது. உடம்பு வர முடியலைன்னா உயிரை அனுப்பிவைக்கறதுன்னு ரசிகருங்க இதைச் சொல்லுவோம் ஆன்ட்டி. டிக்கெட் விக்கலைன்னா படத்தைத் தூக்கிடுவாங்களே, அதுக்காக யாரோ வாங்கறாங்க."

"யாரோ பைத்தியக்கார ரசிகன்!" என்று மற்றவள் சிரித்தாள். "காதல்ல தோத்த பையனா இருக்கும்."

மதியம் தால்சு வந்தார். பூட்ஸில் நிஜமாகவே மலைச் சேறு. வாசல்படியில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தார்.

"படம் நல்லா இருந்துது" என்றாள் போக்ஹீ.

"எந்தப் படம்?"

"குட்டி முள்ளங்கி போட்டது."

நாடாவில் இருந்த கை அப்படியே நின்றது.

"டிக்கெட் எடுத்துட்டு ஏங்க போகலை?"

"பார்க்கமாட்டேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். சொன்னா சொன்னதுதான்."

"அப்ப டிக்கெட் எதுக்கு?"

"வாங்கமாட்டேன்னு சொல்லலையே."

"சரி, வாங்கினதுதான் வாங்கினீங்க. ஒண்ணு போதாதா?"

அடுத்த பூட்ஸைக் கழற்ற அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. தலை நிமிராமலே சொன்னார்:

"பெத்தவங்க ரெண்டு பேரும் வந்து உட்கார வேண்டாமா, சேரின் அம்மா?"