காலியாக வராத டப்பா

பசியாற்றும் மன்றத்திலிருந்து தினமும் நாற்பது வீடுகளுக்கு மதியச் சோறு போகும். சோற்றைக் கொடுத்துவிட்டு, முந்தைய நாள் டப்பாவை வாங்கி வருவார்கள். எல்லா டப்பாவும் கழுவிக் காலியாக வரும். முத்துப்பேச்சியின் டப்பா மட்டும் ஒருநாளும் காலியாக வந்ததில்லை. கால் ஒடிந்து, வேலைக்குப் போக முடியாமல் தனியாகக் கிடப்பவள் அவள். ஒருநாள் அதில் இரண்டு காய்ந்த மிளகாய் இருக்கும், ஒருநாள் ஒரு துண்டு புளி, ஒருநாள் நாலு கல் உப்பு. நேற்று ஒரு பிடி அரிசி இருந்தது.

"அரிசி இருக்கிற வீட்டுக்கு நாம எதுக்கும்மா சோறு கொண்டுபோகணும்?" என்றார் செயலாளர். மன்றத்தின் விதி அது, எழுதியவரும் அவர்தான். பட்டியலில் முத்துப்பேச்சியின் பெயரை அடித்துவிட்டு, நாலு மாதமாக அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோன ஜெசிந்தாவையே தகவல் சொல்ல அனுப்பினார்.

ஜெசிந்தா வெறுங்கையோடு வாசலில் நின்றாள். "அக்கா, நேத்து அந்த அரிசி..."

"சோறு தந்த ஏனத்தை வெறும் ஏனமா எப்படித் தாயி திருப்பித் தர? மிளகா, புளி, உப்பு எல்லாம் தீந்துபோச்சு. அரிசிப் பானையைத் தொடச்சு வைக்கக் கூடாதுன்னு அடியில ஒரு பிடி விட்டு வச்சிருந்தேன். அதைத்தான் அள்ளிப் போட்டேன்."

மூலையில் பானை கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் நேற்றைய டப்பா, கழுவித் துடைத்து, மூடி திறந்தபடி இருந்தது.

முத்துப்பேச்சி ஜெசிந்தாவின் கைகளைப் பார்க்கவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு இதுல என்னத்தைப் போட்டுத் தரன்னுதான் காலையிலயிருந்து யோசிச்சுக்கிட்டுக் கிடக்கேன்" என்றாள்.