ஐம்பத்திரண்டு நொடி

"வேலை கிடைச்சிடுச்சுக்கா!"

"எங்கடா?"

"உன் கம்பெனியிலதான். லைன்ல ஒவ்வொருத்தரும் எத்தனை நொடியில தைக்கிறாங்கன்னு பார்த்துக் குறிக்கிற வேலை."

"அடப்பாவி! அப்போ நாளையிலேருந்து உன்னை நான் சார்னு கூப்பிடணுமா?"

அன்று அக்கா சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். படிப்பு முடிந்து இரண்டு வருடம், முப்பது நேர்முகத் தேர்வுக்கு ஏறி இறங்கிய பிறகு கிடைத்த வேலை அது. அதுவும் ஆறு மாதத்துக்குத் தற்காலிகம்.

அதுவரை வேறு லைன்களில் நேரம் குறித்தவன், ஐந்தாவது மாதத்தில் அதே அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஸ்டாப் வாட்சோடு நின்றுகொண்டிருந்தான்.

ஆர்டர் குறைந்துவிட்டதால் லைனுக்கு ஒருவர் வீதம் வேலையை விட்டு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மூன்று நாள் நேரம் குறித்து, யார் கடைசியோ அவருக்குக் கடிதம். ஒரு சட்டைக்குக் காலர் வைக்க நாற்பது நொடிதான் கணக்கு. அக்காவுக்கு ஐம்பத்திரண்டு ஆனது.

முதல் நாள் ஐம்பத்திரண்டு. இரண்டாம் நாளும் ஐம்பத்திரண்டு. மூன்றாம் நாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மிஷினைத் திறந்து பார்க்கச் சொன்னான். "மிஷின் குதிரை மாதிரி ஓடுது சார்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வாட்ச் மறுபடியும் ஐம்பத்திரண்டில்தான் நின்றது.

"வாட்ச்மேன் தம்பி! அக்காவுக்குக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. லைனே சிரித்தது. அக்கா மட்டும் திரும்பவில்லை.

அப்பா, அம்மா இல்லாத வீட்டில் பன்னிரண்டு வருடமாக அவள் காலர் தைத்துத்தான் அவனைப் படிக்க வைத்தாள். என்னை ஆளாக்கியே அவள் கை தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். தாளில் முப்பத்தொன்பது என்று எழுதினான்.

அடுத்த மிஷினில் இருந்தவளை லைனில் எல்லோரும் 'பட்டதாரி' என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, வேறு எங்கும் கிடைக்காமல் தையலுக்கு வந்தவள். அவளுக்கு நாற்பத்தாறு நொடி; அக்காவை விட்டால் லைனில் அதுதான் அதிகம். அதை அப்படியே எழுதினான். சின்ன வயசுதானே, வேறு எங்கேயாவது கிடைத்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்படியெல்லாம் கிடைத்துவிடாது என்பது அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கடிதம் கொடுத்தார்கள். பட்டதாரி அழவில்லை. அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நேராக அவனிடம் வந்தாள்.

"சார், ஒண்ணு கேட்கலாமா? இந்த லைன்ல என்னைவிட மெதுவா யாருமே இல்லையா?"

"இல்ல... இல்லம்மா."

"கோவிச்சுக்காதீங்க சார். அடுத்த இடத்துல ஏன் அனுப்பினாங்கன்னு கேட்பாங்க இல்ல? என்ன பதில் சொல்றதுன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

மறுநாள் விடுமுறை. காலையில் அக்கா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாளியைத் தள்ளி வைத்துவிட்டு அவள் எதிரில் போய் நின்றான் அவன்.

"அக்கா, சோறு இறங்க மாட்டேங்குது. நேத்து பட்டதாரி போனது என்னாலதான். உன் நேரத்தை நான் குறைச்சு எழுதிட்டேன்."

அக்காவின் கையில் சட்டை பாதி பிழிந்தபடியே நின்றது. "எவ்வளவுன்னு எழுதினே?"

"முப்பத்தொன்பது. நிஜத்துல அம்பத்திரண்டுக்கா. உன் கை இப்படி ஆயிடுச்சேன்னு..."

"என் கைக்கு ஒண்ணும் ஆகலைடா மக்கு! கண்ணை மூடிட்டு முப்பத்தஞ்சுல வைப்பேன். ஒண்ணு, ரெண்டுன்னு மனசுக்குள்ள எண்ணி எண்ணி அம்பத்திரண்டுக்கு இழுத்தேன்."

"அந்தப் பொண்ணைக் காப்பாத்தவா?"

"ஆமான்னு சொல்லிட்டா எனக்கும் பெருமையாத்தான் இருக்கும்." அக்கா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "இல்லடா. எனக்காகத்தான். நானா வேலையை விட்டா கைக்கு வர்றது கொஞ்சம்தான். அவங்களா அனுப்பினா பன்னெண்டு வருஷத்துக்கும் சேர்த்து நஷ்டஈடும் கொடுப்பாங்க. உன் தலையில எதையும் ஏத்தாம, உன்கிட்ட வாயே திறக்காம, காரியத்தை முடிச்சுக்கலாம்னு பார்த்தேன்."

"என்கிட்ட கேட்க உனக்கு என்னக்கா தயக்கம்?"

"கேட்டிருக்கணும். முன்னாடியே கேட்டிருந்தா அந்தப் பொண்ணு நாளைக்கு மிஷின்ல உட்கார்ந்திருப்பா. பாவம், நம்ம ரெண்டு பேர் நடுவுல மாட்டிக்கிட்டா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா சட்டையை உதறிக் கொடியில் விரித்தாள். ஈரத் துணிக்குப் பின்னால் அவள் முகம் மறைந்துபோனது. வீட்டையே அதட்டி நடத்திய அந்தக் குரல், அவளுடைய முப்பத்திரண்டாவது வயதில் முதல் முறையாக அவன் முன்னால் தழுதழுத்தது.

"வெளியூர்ல ஒருத்தர், உனக்கொரு வேலை கிடைக்கட்டும்னு நாலு வருஷமா காத்துட்டிருக்கார். எனக்குக் கல்யாணம் பண்ணி வைடா தம்பி."