எட்டாவது நாற்காலி

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பைப் பத்தின அக்கறையே கிடையாது சார். நாக்கு சொல்றதுதான் சட்டம்," என்றார் சத்து பவுடர் கம்பெனி மேனேஜர்.

ஆய்வு மேற்பார்வையாளர் தலையாட்டினார். அந்தக் கம்பெனிக்கு ஆய்வு நடத்தித் தரும் வருஷ ஒப்பந்தம் இன்றைக்குத்தான் புதுப்பிக்கப்பட வேண்டும். மேனேஜர் என்ன சொன்னாலும் தலையாட்டுவது என்ற முடிவில்தான் வந்திருந்தார்.

இருவரும் விளக்கணைத்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பெரிய கண்ணாடி. இங்கிருந்து பார்த்தால் அடுத்த அறை தெரியும். அங்கிருந்து பார்த்தால் அவரவர் முகம்தான் தெரியும். அங்கே ஒரு மேஜையைச் சுற்றி எட்டுப் பிள்ளைகள். பதினாலு, பதினைந்து வயசு. நடுவில் பவுடர் டப்பா. ஆளுக்கொரு கோப்பையில் கரைத்தும் வைத்திருந்தார்கள். ஆரோக்கியமான சாப்பாட்டைப் பற்றி இந்த வயசுக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் கூட்டம்.

எட்டுப் பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். ஒரு பையன் காய்ச்சல் என்று வராமல்போக, மேற்பார்வையாளர் வேறு வழியில்லாமல் தன் மகளையே கூட்டிவந்து எட்டாவது நாற்காலியில் உட்காரவைத்திருந்தார். ஆய்வு நடத்துகிறவர் வீட்டுப் பிள்ளைகள் வரக்கூடாது என்பது முதல் விதி. தெரிந்தால் ஒப்பந்தமும் போகும், அவர் வேலையும் போகும்.

வரும் வழியில் மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொல். நான் உன் அப்பா என்பதை மட்டும் சொல்லிவிடாதே.

"உள்ளதைச் சொல்லணுமா, மறைக்கணுமா? ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணுப்பா," என்றாள் அவள்.

அடுத்த அறையில் பேச்சு சூடுபிடித்தது. ஒரு பெண் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை உரக்கப் படித்தாள். பக்கத்துப் பையன் மனக்கணக்குப் போட்டு, கோப்பைக்கு நாலு ஸ்பூன் சர்க்கரை என்றான். இன்னொருவன், சிப்ஸ் கெடுதல் என்று தெரிந்துதான் தின்பதாகவும், ஆனால் சிப்ஸ்காரர்கள் பாக்கெட்டின் மேல் 'அறிவு வளர்ச்சிக்கு' என்று போடுவதில்லை என்றும் சொன்னான். கோப்பையை யாரும் தொடவில்லை.

"திமிரைப் பாருங்க," என்றார் மேனேஜர்.

அவருக்கும் மரியாதைக்கு ஒரு கோப்பை வைத்திருந்தார்கள். அதை ஓரமாக நகர்த்திவிட்டு, பையிலிருந்து வெள்ளரித் துண்டுகளை எடுத்துக் கடித்தார். மேற்பார்வையாளர் அதைப் பார்க்காததுபோல் இருந்துகொண்டார்.

அங்கே பிள்ளைகளிடம் கேள்வி கேட்கும் பெண்மணி வேலைக்குப் புதிது. எட்டாவது நாற்காலிப் பெண் யார் என்று அவருக்கும் தெரியாது. வீட்டில் இதைக் குடிப்பதுண்டா என்று அவளிடம் கேட்டார்.

"இல்ல மேடம். அம்மா ஒரு தடவை வாங்கிட்டு வந்தாங்க. அப்பா அன்னிக்கே கடையில திருப்பிக் கொடுத்துட்டு வந்துட்டார்."

மேற்பார்வையாளர் நாற்காலி நுனிக்கு வந்தார். உள்ளதை உள்ளபடிதான் சொல்கிறாள்.

"ஏன்மா?"

"உள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியும்."

"அவருக்கு எப்படித் தெரியும்? அப்பா என்ன வேலை பார்க்கிறார்?"

மகள் கண்ணாடியைப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக அந்தக் கண்ணாடி வழியாக ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, முதல்முறையாக யாரோ தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"இந்த டப்பா கம்பெனியிலதான் மேடம்," என்றாள். "மேனேஜர்."

மேனேஜர் வாய்க்குக் கொண்டுபோன வெள்ளரித் துண்டு பாதியில் நின்றது.

கம்பெனிக்காரர் வீட்டுப் பிள்ளை யாரோ தவறிப்போய் உள்ளே வந்துவிட்டது, அந்தப் பதிலை அறிக்கையில் சேர்க்கமாட்டோம் என்று மேற்பார்வையாளர் குழறினார். மேனேஜர் காதில் வாங்கவே இல்லை. ஒரு சீட்டில், அந்தப் பெண்ணின் அப்பா பெயரைக் கேட்கவும் என்று எழுதி, உள்ளே கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.

மேற்பார்வையாளர் எழுந்தார். கதவுவரை போனார். தாழ்ப்பாளில் கை வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"இருங்க சார். வேண்டாம். அதை இப்படிக் கொடுங்க."

மேனேஜர் சீட்டை வாங்கி நாலாகக் கிழித்தார்.

"எங்க ஆபீஸ்ல பதினாலு மேனேஜர் இருக்கோம். பதினாலு வீட்டுலயும் இதே கதைதான். இதுல பேரைக் கேட்டு என்ன ஆகப்போகுது? எவனாவது ஒருத்தன் சொந்தப் பிள்ளைங்களுக்கு இதைக் கொடுக்கறான்னு தெரிஞ்சாச் சொல்லுங்க. அவனைத்தான் விசாரிக்கணும்."